மாப்பிள்ளைக்காக ஏற்றிய பட்டை

லாரியின் பின்கதவை இறக்கி, இரண்டு பலகைகளைச் சாய்த்து, காரை மெல்ல உருட்டி இறக்கினார்கள். முதலில் வெளியே வந்தது காரின் பின்பக்கம். அதைப் பார்த்ததுமே யாரோ அதில் கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

சோழவரத்தில் அப்போது வெயில் ஏறியிருக்கவில்லை. பழைய விமான ஓடுதளத்தின் தரையில் பனி ஈரம் மினுமினுத்தது. எங்கேயோ ஒரு மோட்டார் சைக்கிளை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் விளக்கெண்ணெய் கருகும் வாசனை. பந்தயக்காரர்கள் சிலர் அந்தக் காலத்தில் எஞ்சினுக்கு விளக்கெண்ணெய் கலந்த ஆயில்தான் ஊற்றுவார்கள். அந்த வாசனைக்காக ஒரு வருஷம் ஏங்கிக் கிடந்தவன் நான். அன்றைக்கு அது குமட்டியது.

நான் நாமக்கல்லில் விட்டு வந்த கார் பின்னால் தாழ்ந்து நிற்கும். பின்சக்கரங்களின் மேல்விளிம்பு லேசாக உள்பக்கம் சாய்ந்திருக்கும். காலை அகட்டி ஊன்றி நிற்கிற மல்யுத்தக்காரனைப் போல இருக்கும். லாரியிலிருந்து இறங்கியது வேறு ஏதோ கார். பின்பக்கம் நிமிர்ந்து, சக்கரங்கள் அடியில் ஒடுங்கி நின்றது. முன்னால் சந்தனம், குங்குமம், ஒரு ரோஜா மாலை வேறு.

"யாருங்க ஸ்பிரிங் பட்டையில கை வெச்சது?" என்றேன்.

லாரியிலிருந்து இறங்கிய பெரியப்பா வேட்டியை உதறிக் கட்டினார். "ஏன் சாமி, இப்பத்தானே வண்டி வண்டியாட்டம் நிக்குது?" என்றார்.

ஏன் ஓட்டுவதில்லை?

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர், "வாராவாரம் வண்டியைப் பற்றியே எழுதுகிறீர்கள், ஆனால் எங்கே போனாலும் டவுன் பஸ்ஸில் போவதாகவே வருகிறதே, நீங்கள் கார் ஓட்டுவதில்லையா?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. எனக்கு எரிச்சல் மூட்டிய கேள்வியும்கூட. பதில் சொல்ல வேண்டுமானால் எழுபதுகளின் நடுவில் நடந்த இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

அப்பா சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். என்னை வளர்த்தது பெரியப்பா. நாமக்கல்லில் லாரி வைத்திருந்தார். அவருக்கு ஒரே பெண், எனக்கு மூத்தவள். எங்களுக்குள் உடன்பிறந்தவள், பெரியப்பா மகள் என்ற பேதமெல்லாம் கிடையாது. அவள் எனக்கு அக்கா, அவ்வளவுதான். காய்ச்சல் வந்தால் கஞ்சியை ஆற்றி ஊட்டுவாள். குடிக்காவிட்டால் தலையில் ஒரு குட்டு வைப்பாள்.

பெரியப்பா என்னைச் சேலத்தில் பாலிடெக்னிக் படிக்க வைத்தார். அங்கே கூடப் படித்தவர்கள் ஒருமுறை சோழவரத்துக்குப் பந்தயம் பார்க்க இழுத்துக்கொண்டு போனார்கள். போனவன் மனசு திரும்பி வரவில்லை. படிப்பு முடிந்து லாரி ஷெட்டில் வேலை பார்க்கும்போதும் காதுக்குள் அந்த இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.

பெரியப்பாவுக்கும் கொஞ்சம் ஜம்பம் உண்டு. திருச்செங்கோட்டில் ஒருவரிடம் கிடந்த பழைய ஹெரால்டு காரை வாங்கிப் போட்டார். "ஓட்டு சாமி, நம்ம பேரு மெட்ராஸ்ல தெரியட்டும்" என்றார். அன்றைக்கு அவர் காலில் விழுந்து கும்பிட்டேன். இன்று நினைத்தாலும் அந்தக் கும்பிடு பொய்யில்லை.

ஸ்பிரிங்குக்கு ஜவ்வரிசி மூட்டை

ஹெரால்டைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்மூடியும் இரண்டு மட்கார்டுகளும் சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும். உள்ளே எல்லாம் கைக்கெட்டும். முன்சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங். பின்னால் குறுக்கே ஒரே ஒரு பட்டைக் கட்டு. லாரியில் இருக்கிற கமான் பட்டைகள்தான், ஆனால் வண்டியின் அகலத்துக்குக் குறுக்காகப் படுத்திருக்கும். அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு சக்கரம்.

சாலையில் அழகாக ஓடும். வளைவில் வேகமாகத் திருப்பினால்தான் அதன் குணம் தெரியும். பின்பக்கம் மேலே எழும்பினால், பாரம் தாங்குகிற வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடிந்து காலை வாரிவிடும். அதுவும் வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கட்டாயம் வாரிவிடும். முன்பக்கம் வழுக்கினால் வண்டி சொல்லிவிட்டு வழுக்கும். பின்பக்கம் சொல்லாது.

ஆகவே முதல் வேலை ஸ்பிரிங். எந்த ஸ்பிரிங் எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க என்னிடம் கருவி கிடையாது. தெரிந்த ஆலை ஒன்றிலிருந்து ஜவ்வரிசி மூட்டைகளைக் கேட்டு வாங்கி வந்தேன். எடை எழுதிய மூட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஸ்பிரிங் மேல் ஏற்றி, ஸ்கேல் வைத்து அளந்தேன். ஷெட் டிரைவர்கள் வேலையை விட்டு வேடிக்கை பார்த்தார்கள். "சாமி பாயாசத்துக்கு அளக்குதுடோய்" என்று ஒருவர் கத்தினார். சிரித்துக்கொண்டே அளந்தேன். அந்த வயதில் கேலி உறைக்காது.

சேலத்தில் சொல்லி மூன்று ஜோடிச் சுருள் செய்து வாங்கினேன். கம்பியின் தடிமன் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். எருமப்பட்டி போகும் வழியில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு நீண்ட வளைவு உண்டு. விடிந்ததும் மாட்டுவண்டிகள் வருவதற்குள் அங்கே போய்விடுவேன். டயரின் ஓரத்தில் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு வளைவில் திருப்புவேன். டயர் எவ்வளவு தூரம் மடங்கித் தரையைத் தேய்த்தது என்று, சுண்ணாம்பு அழிந்த இடம் சொல்லிவிடும்.

மிகக் கெட்டியான சுருளைப் போட்டபோது வண்டி சாயவே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அடுத்த சுற்றில் தார் பெயர்ந்த இடத்தில் சக்கரம் எகிறிக் குதித்து, வண்டி நேராகக் கள்ளிவேலிக்குள் போய் நின்றது. தரையைத் தொடாத சக்கரத்தால் எதைப் பிடிக்க முடியும்? ஸ்பிரிங் மேடுபள்ளத்துக்குத்தான். வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்க வேறு வழி பார்க்க வேண்டும் என்று அந்தக் கள்ளிமுள்ளைப் பிடுங்கிக்கொண்டே புரிந்துகொண்டேன். நடுவிலிருந்த ஜோடியை மாட்டினேன்.

குறுக்குக் கம்பி

அந்த வேறு வழிதான் குறுக்குக் கம்பி. படித்தவர்கள் ஆன்டி ரோல் பார் என்பார்கள். இடது முன்சக்கரத்தையும் வலது முன்சக்கரத்தையும் இணைக்கிற ஒரு வளைந்த எஃகுக் கம்பி, அவ்வளவுதான். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் அது சும்மா இருக்கும். ஒன்று மட்டும் ஏறினால் முறுக்கிக்கொண்டு, வண்டி அந்தப் பக்கம் சாய்வதைத் தடுக்கும்.

காரோடு வந்த கம்பி சுண்டுவிரல் தடிமன்தான் இருந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பின்சந்து ஒன்றில் இரும்புக்கடை வைத்திருந்தவரிடம் நல்ல ஸ்பிரிங் எஃகு கிடைத்தது. பருப்பு மூட்டை சுமப்பவர்களுக்கு வழிவிட்டு, சுவரோடு ஒட்டி நின்று, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாங்கினேன். பழுக்கக் காய்ச்சி வளைத்து, எண்ணெயில் நனைத்துப் பதமாக்கி, இதிலும் தடிமன் மாற்றிச் சில செய்துகொண்டேன்.

மெல்லிய கம்பியில் வண்டி படகு மாதிரி சாய்ந்தது. ரொம்பத் தடித்ததில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாமல் ஏரியைப் பார்த்துப் போனது. நடுத்தரமானது எனக்குப் பொருந்தியது. கூடவே பின்பட்டைக் கட்டில் ஒரு பட்டையைக் கழற்றி, மீதியின் வளைவைத் தட்டிக் குறைத்தேன். பின்பக்கம் தாழ்ந்தது. சக்கரங்கள் அகட்டி ஊன்றின. ஏரிக்கரை வளைவில் அன்று காலை வண்டி போனதைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை போதாது. நான் நினைத்த இடத்தில் அது இருந்தது. என் வாழ்க்கையில் வேறெதுவும் அப்படி இருந்ததில்லை.

ஷெட்டுக்குத் திரும்பினால் வேறு கச்சேரி. எங்கள் ஊரில் லாரிக்கு வருகிற எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான்: ஒரு பட்டை ஏற்று. பாரம் கூடினால் பட்டை ஏற்று. பாதை மோசமென்றால் பட்டை ஏற்று. பின்னால் குந்தி நிற்கிற வண்டி என்றால் பட்டை உடைந்த வண்டி, அதன் முதலாளி மாற்றிப்போட வக்கில்லாதவன் என்று அர்த்தம். "என்னங்க சாமி, பேதிக்கு உக்காந்தாப்புல நிக்குது?" என்று டிரைவர்கள் கேட்டார்கள். எல்லாரும் சிரித்தோம். பெரியப்பா சிரிக்கவில்லை. காரை ஷெட்டின் உட்புறமாக, ரோட்டுக்குத் தெரியாமல் நிறுத்தச் சொன்னார்.

தலைத்தீபாவளி

அந்த வருஷம்தான் அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஓமலூர்ப் பக்கம் பெரிய தோட்டக்காரர்கள். மாப்பிள்ளை வாட்டசாட்டமான ஆள். கெட்டவர் இல்லை. கேட்டது எதுவும் இல்லையென்று ஆகாமல் வளர்ந்தவர்.

தலைத்தீபாவளிக்கு வந்தார். எங்கள் பக்கம் முதல் தீபாவளிக்கு வருகிற மாப்பிள்ளை என்ன கேட்டாலும் மாமனார் இல்லையென்று சொல்லக்கூடாது. கைக்கடிகாரம் கேட்பார்கள், மோட்டார் சைக்கிள் கேட்பார்கள். இவர் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுவேட்டி கட்டி, இலையில் உட்கார்ந்து, ஆட்டுக்கறிக் குழம்பில் இட்லியைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"மாமா, அந்தப் பந்தயக் காரை நானே ஓட்டறனுங்களே. எப்புடியிருக்குதுன்னு ஒருக்காப் பாத்தர்றேன்."

"அதுக்கென்னங்க மாப்ள, அது உங்க வண்டிங்க" என்றார் பெரியப்பா. யோசிக்கக்கூட இல்லை.

அதே பந்தியில் நானும் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அக்கா மட்டும் பரிமாறிக்கொண்டே வந்தவள் என் இலையில் இன்னொரு இட்லியை வைத்துவிட்டுப் போனாள். கைக்கடிகாரம் கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்திருக்கலாம். அவர் கேட்டது நான் உட்கார்ந்திருந்த சீட்டை. எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. அன்று எரிந்ததை இன்று மறைத்து எழுதி யாருக்கு நல்ல பெயர் வாங்கப்போகிறேன்?

பிறகு பெரியப்பா என் தோளில் தட்டி, "அடுத்த வருசம் நீ ஓட்டிக்க சாமி" என்றார். சரிங்க என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? உண்டது அவர் சோறு.

அவருக்கென்று ஒரு கம்பி

மாப்பிள்ளையை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போய் ஓட்டிக் காட்டினேன். பிறகு அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேகத்துக்கு அஞ்சாதவர். ஆனால் வளைவின் நடுவில் வண்டி லேசாக நழுவினால் சட்டென்று காலை எடுத்துவிடுவார்.

"மச்சான், பயமா இருந்தாலும் வளைவுல கால எடுத்தறாதீங்க. இந்த வண்டிக்கு அது ஆகாது" என்றேன்.

"தம்பி, ஓமலூர் ரோட்டுல லாரிக்காரனையே ஓரங்கட்டறவன் நானு" என்று சிரித்தார்.

சொல்லித் திருந்துகிற ஆளில்லை என்று தெரிந்தது. ஆகவே வண்டியை அவருக்காக மாற்றினேன். எனக்குப் பொருந்திய கம்பியைக் கழற்றிவிட்டு, அதைவிடச் சற்றுத் தடிமனான ஒன்றை முன்னால் மாட்டினேன். இப்போது தப்பு செய்தால் முன்பக்கம்தான் முதலில் வழுக்கும். வண்டி கொஞ்சம் மந்தமாகும், நேரம் கூடும். ஆனால் அவர் காலை எடுத்தாலும் பின்பக்கம் வாராது. மறுபடி ஏரிக்கரையில் ஓட்டினோம். அவர் வழக்கம்போலக் காலை எடுத்தார். வண்டி மன்னித்துவிட்டது.

என் சீட்டைப் பிடுங்கியவருக்கு அடிபடக்கூடாதே என்று என் கையால் செய்த கம்பி அது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

காற்று மட்டும்

பந்தயத்துக்குச் சில நாள் முன்பே, பேர் பதிவதற்கும் டயருக்கும் நான் பஸ்ஸில் மெட்ராஸ் போய்விட்டேன். கார் பின்னால் லாரியில் வருவதாக ஏற்பாடு. அந்த இடைவெளியில்தான் பெரியப்பா காரை ஸ்பிரிங் பட்டறைக்கு அனுப்பியிருக்கிறார். பட்டைகளைப் பழுக்கக் காய்ச்சி, வளைவைத் தூக்கி, நான் கழற்றியதற்குப் பதிலாக ஒன்றும், மாப்பிள்ளைக்கு மரியாதையாக இன்னொன்றும் ஏற்றியிருந்தார்கள்.

"மாப்ள ஏர்ற வண்டி பின்னால குந்திக்கிட்டு நின்னா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?" என்றார் பெரியப்பா. ஓமலூர்க்காரர்களும் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அந்த வண்டி தலைநிமிர்ந்து நிற்க வேண்டும். அதுதான் அவர் கவலை.

"இப்புடி ஓட்டக்கூடாதுங்க பெரியப்பா. வளைவுல சக்கரம் உள்ள மடிஞ்சு கவுத்திரும். இன்னைக்கு வேண்டாமுங்க" என்றேன்.

"நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல அபசகுனமாப் பேசாத."

"முட்டை ஏத்தற வண்டிக்கு நாமளே ஒரு பட்டையக் கழட்டறமுங்களே, கெட்டியா இருந்தா ஒடஞ்சிருமுன்னு?"

"மாப்ள என்ன முட்டையா?" என்றார். வேனில் வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

நான் மாப்பிள்ளையிடம் நேராகவே போனேன். அக்கா அவர் பக்கத்தில் நின்றாள். "மச்சான், பட்டைய மாத்தீட்டாங்க. பழைய வண்டி இல்லீங்க இது. ஓட்டாதீங்க" என்றேன்.

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "தம்பிக்கு இன்னும் மனசு ஆறலீங்க மாமா."

அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அது பொறாமைதான். எனக்குப் பொறாமை இருந்தது உண்மை. பொறாமைக்காரன் சொன்னான் என்பதற்காகப் பட்டை தாழ்ந்துவிடுமா? நான் ஆசைப்படாதவனாக இருந்திருந்தால் என் பேச்சைக் கேட்டிருப்பார்கள். இதுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது.

அங்கே பட்டறை கிடையாது. என் கையில் மிச்சமிருந்தது டயர்க் காற்று மட்டும். வழுக்கினால் முன்பக்கமே முதலில் வழுக்கட்டும் என்று முன்டயர்களில் கொஞ்சம் இறக்கி, பின்டயர்களில் கொஞ்சம் ஏற்றினேன். பட்டை செய்யப்போகிற வேலைக்கு முன்னால் இந்தக் காற்று எந்த மூலைக்கு என்று எனக்கே தெரியும்.

முதல் சுற்று வந்தார், கையை ஆட்டினார்கள். அடுத்த சுற்றில் கோடியிலிருந்த இடதுபக்க வளைவுக்குள் வேகமாக நுழைந்தார். நான் காரைப் பார்த்ததைவிட எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் அது சட்டென்று அடங்கியது. காலை எடுத்துவிட்டார். பின்பக்கம் எழும்பியது, வலது பின்சக்கரம் அடியில் மடிந்தது, வண்டி வலதுபக்கமாக உருண்டது. கண்ணாடியை இறக்கி வைத்திருந்தார். உருளும்போது அவருடைய வலது கை வெளியே போய்விட்டது.

அக்காவின் அலறலைக் கேட்டேன். அதை எழுத முடியாது.

ஒத்துக்கொண்டது

உயிர் தப்பியது. கையை வெட்ட வேண்டியதில்லை என்றார்கள். ஆனால் தோளுக்குக் கீழே அது வெறுமனே தொங்கியது. ஒரு டம்ளரைத் தூக்கக்கூட அந்தக் கை அதன்பின் எழவில்லை.

சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த பிறகு ஓமலூரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா தன் பங்காளிகளோடு வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். "ஆரு கைய வெச்சு வண்டி கவுந்துச்சுன்னு தெரியோணுமுங்க சம்மந்தி. உங்க கைன்னு ஆச்சுன்னா, மருமவ உங்க ஊட்டுலயே இருந்துக்கட்டும்" என்றார். அக்காவுக்கு அப்போது மூன்றாவது மாதம்.

பெரியப்பா என்னை ஆஸ்பத்திரிக்கு வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். மத்தியான வெயில். அவர் அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"சாமி, நான் ஏத்துன பட்டைதான் கவுத்துச்சுன்னு தெரிஞ்சா என்ற பொண்ணு வாழாவெட்டியா வந்து நிப்பா. நீ போட்ட கம்பின்னு சொல்லிரு. நீ என்ற தம்பி பையன், அந்தப் பழி அவ மேல வராது. உனக்கு வயசிருக்குது. நீ எப்புடியாச்சும் பொழச்சுக்குவ" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பொழச்சுக்குவ! பெரியவர்கள் சின்னவர்களைப் பலிகொடுக்கும்போது சொல்கிற வார்த்தை இது. அன்றைக்கு எனக்கு இவ்வளவு பேசத் தெரியவில்லை. அக்கா இட்லி வைத்த இலைதான் கண்ணுக்குள் நின்றது.

உள்ளே போனேன். கட்டிலைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். "நான் போட்ட கம்பிதானுங்க காரணம். தடிமன் கூடிப்போச்சு" என்றேன். லாரிக்காரர்கள் சிலரும் இருந்தார்கள். பட்டை வளைத்தவர்களுக்கு வேண்டியவர்கள். பட்டை ஏற்றி எந்த வண்டியும் கவிழ்ந்ததில்லை, கம்பிதான் என்று தலையை ஆட்டினார்கள். மாப்பிள்ளை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்கா டிபன் கேரியரோடு வாசலில் நின்றிருந்தாள். நான் வெளியே போகும்போது மெதுவாகத்தான் கேட்டாள். "உனக்கு அந்த சீட்டுத்தான் வேணுமின்னா என்றகிட்டக் கேட்டிருக்கலாமல்லடா? நான் அவருகிட்டச் சொல்லி வாங்கிக் குடுத்திருப்பனே?"

தவறிப்போய் நடந்ததாக அவள் நினைக்கவில்லை. வேண்டுமென்றே செய்துவிட்டு, கடைசி நேரத்தில் பயந்துபோய்த் தடுத்ததாக நினைத்தாள். உண்மை வாய்வரை வந்தது. பெரியப்பா எனக்குப் பின்னாலேயே நின்றார். விழுங்கிவிட்டேன்.

அக்கா வாழ்ந்தாள். அதில் குறையில்லை. நாமக்கல்லில் எனக்குக் 'கம்பிக்காரன்' என்று பெயர் விழுந்தது. ஸ்பிரிங் பற்றி நான் வாயைத் திறந்தால் பேச்சை மாற்றினார்கள். ஷெட்டில் இருக்கப் பிடிக்காமல் சேலத்துக்கு வந்து, பஸ் பாடி கட்டுகிற இடத்தில் ஜன்னல் சட்டம் அளக்கிற வேலையில் சேர்ந்தேன். பெரியப்பா தடுக்கவில்லை. நொறுங்கிய ஹெரால்டை எடைக்குப் போட்டார்கள். அடுத்த வருஷம் என்ற அந்த வருஷத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் அந்த எஞ்சின் அடங்குகிற சத்தம் காதில் விழும். அதனால் ஓட்டுவதை விட்டேன். வாசகருக்குப் பதில் இதுதான்.

காதுகுத்து

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்கா தன் பிள்ளைகளுக்குக் காதுகுத்து வைத்தாள். அதுவரை வீட்டு விசேஷம் எதற்கும் எனக்கு அழைப்பு வந்ததில்லை. இதற்கு வந்தது. எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். பெரியப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. மாமன் என்றால் நான் ஒருவன்தான். ஆசையை அடக்க முடியவில்லை. புதுவேட்டி, பிள்ளைகளுக்குத் துணி, பூ, பழம் எல்லாம் வாங்கிக்கொண்டு ஓமலூருக்குப் பஸ் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது எருமப்பட்டியிலிருந்து வந்த தூரத்துப் பங்காளி ஒருவர் தலைப்பாகை கட்டி மணையில் உட்கார்ந்திருந்தார். பெரியவன் அவர் மடியில் இருந்தான். ஊசி ஏறியதும் வீறிட்டு அழுதான். நான் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். சீர்த்தட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். கடைசியில் ஒரு அம்மாள் வாங்கிக்கொண்டு போனார்.

பந்தியில் என்னைப் பெரியப்பாவின் பக்கத்து இலையில் உட்கார வைத்தார்கள். அவருக்கு முடியெல்லாம் நரைத்திருந்தது. "எப்ப வந்த சாமி?" என்றார். சொன்னேன். எதிர்வரிசையில் மாப்பிள்ளை இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அக்கா சாதக் கூடையோடு வந்தவள் என் இலைக்கு முன்னால் நின்றாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என்னிடம் பேசினாள்.

"உன்னையக் கூப்படக்கூடாதுன்னுதான் அவங்க ஊட்டுல எல்லாருஞ் சொன்னாங்க. நாந்தான் கூப்படச் சொன்னேன். செஞ்சது செஞ்சதுதான். ஆனா அன்னைக்கு அத்தன பேரு முன்னால உள்ளத ஒத்துக்கிட்ட பாரு, அதுக்காகத்தான் கூப்பட்டேன். பொய்யிகிய்யி சொல்லித் தப்பிச்சிருந்தீன்னா, சாகற வரைக்கும் உன்ற மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்."

நான் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு நன்றாகவே கேட்டிருந்தது. இலையில் சாதத்தைக் குழித்துக்கொண்டு, ரசம் கொண்டுவரச் சொன்னார்.